ஜவ்வரிசி இல்லாத உலகப் போர்

மேசைப் போர்கள் – 11

சென்ற வாரம் பிரஷ்யாவில் நின்றோம். ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி 1824 இல் வரைபடம், கட்டைகள், பகடை, நடுவர் என்று ஒழுங்குபடுத்திக் கொடுத்த மேசைப் போரை அந்த நாட்டு ராணுவம் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டதைப் பார்த்தோம். அந்த மேசை இன்று மடிக்கணினிக்குள் போய்விட்டது. நடுவர் வேலையையும் கணினியே பார்த்துக்கொள்கிறது. கல்லூரிப் பையன்கள் ராத்திரி 2 மணிக்குப் போலந்தைப் பிடித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

இந்த வகையில் இரண்டாம் உலகப் போருக்கென்றே பேர் வாங்கியது 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' என்ற வரிசை. ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனத்தின் சரக்கு. முதல் ஆட்டம் 2002 இல் வந்தது. இரண்டாவது 2005, மூன்றாவது 2009. இப்போது எல்லாரும் ஆடும் நான்காவது 2016 ஜூன் 6 அன்று வெளியானது. நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய தேதி அது. தேதி பார்த்துத்தான் வெளியிட்டிருப்பார்கள்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சுடும் ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் ரத்தத்தையே பார்க்க முடியாது. திரை முழுக்க ஓர் உலக வரைபடம். நாள் 1936 ஜனவரி 1. ஜெர்மனியோ எத்தியோப்பியாவோ, எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை தொழிற்சாலை, அதில் எத்தனை துப்பாக்கி செய்கிறது, எத்தனை விமானம் செய்கிறது, ஒரு டிவிஷனில் எத்தனை பட்டாளம், ரயில் எதுவரை போகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. மணிக்கு மணி காலம் நகர்கிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகப் போர் நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வளம். 2016 இல் வந்தபோது ஆறு வளங்கள்: எண்ணெய், அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், எஃகு, குரோமியம். விமானத்துக்கு அலுமினியமும் ரப்பரும் வேண்டும். நல்ல டாங்கிக்கு டங்ஸ்டனும் குரோமியமும் வேண்டும். கையில் இல்லாவிட்டால் வாங்கலாம். ஒரு சிவில் தொழிற்சாலையை விற்கிற நாட்டுக்குக் கொடுத்தால் 8 அளவு வளம் வரும். அதுவும் கட்டாவிட்டால், வளம் இருக்கிற நாட்டின் மேலேயே படையெடுக்கலாம். ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லாச் சண்டையும் இந்த மூன்றாவது வழியில்தான் தொடங்குகிறது. நிஜத்திலும் அப்படித்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜப்பான் 1941 டிசம்பரில் தெற்கே இறங்கியதற்கு அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியது பெரிய காரணம்.

இந்த வாரக் கட்டுரையைக் கொல்லிமலையில் இருந்து எழுதுகிறேன். உலகப் போருக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம் உண்டு. அதற்கு முன் ஒரு பழைய கதை. இந்த மலைக்கு வல்லரசுகளின் கணக்கு புதிதல்ல.

கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி, கொல்லிக்குத் தலைவன். அவனைக் கொன்றவன் கோவலூர்க்காரனான மலையமான் திருமுடிக்காரி; அவனும் அதே ஏழு பேரில் ஒருவன். கொன்றவன் மலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றில் கல்லாடனார் பாடி வைத்திருக்கிறார். ஏழு வள்ளல்களில் மூன்றாமவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் காரியின் கோவலூரைத் தாக்கியது புறநானூற்றில் இருக்கிறது. இந்த மோதல்களில் எது முன், எது பின் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. முடிவு மட்டும் தெளிவு. பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகப்படி, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் அவனுக்குத் துணை வந்த இரு பெருவேந்தர்களையும் கொல்லிக் கூற்றத்தில் வைத்தே தோற்கடித்தான். பிறகு தகடூரையும் அழித்தான்.

கூட்டணி, பினாமிச் சண்டை, பிடித்த நிலத்தைப் பெரியவனுக்குக் கொடுத்து அவன் நிழலில் நிற்பது, எதிரணியில் மூன்று அரசுகள் ஒன்று சேர்வது, எல்லாம் ஒரு மலையைச் சுற்றி. சுவீடன்காரர்கள் 'கூட்டணி' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்குப் புலவர்கள் சாட்சி. வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஏழு பேரில் மூன்று பேர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ மெல்லத் தாண்டிப் போகின்றன.

ஆட்டத்துக்கு வருவோம். செம்மேட்டில், ஓரி சிலைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு விடுதி அறை. கூட வந்த அக்கா மகன் கட்டிலில் சம்மணம் போட்டு மடிக்கணினியைத் திறந்துவிட்டான். வந்திருப்பது அருவி பார்க்க. அவன் பார்த்துக்கொண்டிருப்பது மலாக்கா நீரிணையை. ஜப்பானை எடுத்திருந்தான்.

"மாமா, மலாயாவைப் புடிச்சாப் போதுங்க. ரப்பர் கவலையே இருக்காது. எத்தனை ஏரோபிளேன் வேணும்னாலும் செய்யலாம்."

"புடிக்க முடியுமா?"

"பிரிட்டிஷ்காரன் ஐரோப்பாவுல மாட்டியிருக்கான்ல? இங்க ஆளே இல்லைங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய விமானந்தாங்கிக் கப்பல் இரண்டு போய்விட்டன. பையன் முகம் சுருங்கியது. ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை, சேமித்து வைத்திருந்த பழைய கட்டத்தைத் திறந்து, கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டான். திருட்டாட்டம் என்று நான் சொல்லப் போவதில்லை. 1942 மே மாதம் மிட்வே படையெடுப்புக்கு முன்னால் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசைப் போரில் இதேதான் நடந்தது. நடுவர் மூழ்கியதாக அறிவித்த கப்பலைத் தளபதி உகாகி தீர்ப்பை மாற்றி மிதக்கவிட்டார். மறு மாதம் உண்மையான மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது.

மின்சாரம் போய், திரை வெளிச்சம் மட்டும் மிஞ்சிய நேரத்தில் அவனிடம் ஒன்று சொன்னேன். அவன் ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் கடல் தாண்டி அலைகிறான். உட்கார்ந்திருக்கிற மலையிலேயே அலுமினியம் இருக்கிறது. நம்பவில்லை.

கொல்லிமலையும் ஏற்காட்டுச் சேர்வராயன் மலையும் சார்னோக்கைட் என்ற கரும்பாறையால் ஆனவை. லட்சக்கணக்கான ஆண்டு மழையில் அந்தப் பாறை மக்கி, உச்சிகளில் தொப்பி வைத்ததுபோல் பாக்சைட் படிந்து கிடக்கிறது. அலுமினியத்தின் தாது அதுதான். ஆட்டத்து விதிப்படி பார்த்தால் இந்த மலை 1940 களில் தங்கச் சுரங்கம். பிரிட்டனில் 1940 இல் விமானம் செய்ய வீட்டு அலுமினியப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கினார்கள், அவ்வளவு பஞ்சம்.

ஆனால் போர் முடியும் வரை கொல்லிமலைப் பாக்சைட்டிலிருந்து ஒரு விமானம்கூடப் பிறக்கவில்லை. இந்தியாவில் முதன்முதலாக அலுமினியம் உருக்கியது 1943 இல், ஆலுவா பக்கத்து அலுபுரத்தில். அந்த ஆலைக்கு அலுமினா வந்தது வெளிநாட்டிலிருந்து கப்பலில். மின்சாரம் மூணாறு மலையிலிருந்த பள்ளிவாசல் நீர்மின் நிலையத்திலிருந்து. தாது எங்கே கிடைக்கிறது என்பதைவிட மின்சாரம் எங்கே மலிவு என்பதே அலுமினிய ஆலையின் தலையெழுத்தை எழுதுகிறது. மேட்டூர் அணை 1934 இல் முடிந்து, 1937 இல் மின்சாரமும் வந்துவிட்டது. இருந்தும் மால்கோ என்று எல்லாரும் சொல்லும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்க 1965 ஆயிற்று. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி லாரியில் இறக்கினார்கள். 2008 இறுதியில் மேட்டூரில் உருக்குவது நின்றது. இங்கே வெட்டுவதும் அடங்கியது. மலை உச்சிகளில் அதன் தழும்பை இப்போதும் பார்க்கலாம்.

ஆட்டம் சறுக்குகிற முதல் இடம் இது. ஒரு மாநிலத்தில் 'அலுமினியம் இத்தனை' என்று எண் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் அது தொழிற்சாலையில் வந்து நிற்கிறது. தாது உலோகமாவதற்கு நடுவில் இருக்கும் மின்கம்பம், சாலை, முதலீடு, முப்பது வருஷம் எதுவும் கணக்கில் இல்லை. எண்ணெய் விஷயத்திலும் முதலில் இப்படித்தான் இருந்தது. 2019 பிப்ரவரியில்தான் எரிபொருளைச் சேமித்துச் செலவழிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவரை டாங்கி செய்யத்தான் எண்ணெய் வேண்டும், ஓட்ட வேண்டாம். மூன்று வருஷம் அதையும் ஆடித்தான் தீர்த்தார்கள்.

பெட்ரோல் இல்லாத போர் எப்படி இருக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரி பஸ் ஓடிய காலம் அது. பஸ்ஸின் பின்னால் பெரிய இரும்பு உருளை ஒன்று. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பையன் ஒருவன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூத வேண்டும். வாயு போதுமான அளவு கிளம்பிய பிறகுதான் எஞ்சின் உயிர் பெறும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். சென்னை ராஜதானி முழுக்கப் போக்குவரத்து இப்படித்தான் மூச்சுவாங்கியது. லாரிக்குப் பேர்போன இன்றைய நாமக்கல்லில் நின்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது சம்பந்தம். இந்தக் கட்டுரையை நான் எழுதத் தூண்டியதே அதுதான்.

மலைமேல் எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு. ஊர் ஊருக்கு மரவள்ளி என்பார்கள், கப்பை என்பார்கள். சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குதான். சரிவுகளில், மேட்டில், முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த புனங்களில் இப்போது இடுப்பளவு உயரத்துக்கு அந்தச் செடி. அறுவடைக் காலத்தில் மண் ஒட்டிய கிழங்கு மூட்டைகள் லாரி ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்குகின்றன. ராசிபுரம், ஆத்தூர், சேலம் வட்டாரச் சேகோ ஆலைகளுக்குப் போகின்றன. அங்கே தோலுரித்து, அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பேர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

இந்தத் தொழில் சேலத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். போருக்கு முன்னால் இந்தியா தின்ற ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தது. நெசவாலைகளுக்கு வேண்டிய ஸ்டார்ச்சும் வெளிநாட்டுச் சரக்கு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் நின்றது. சேலத்தில் மீன் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியார் தொழில் விஷயமாக அடிக்கடி கேரளம் போய்வருகிறவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் நுட்பம் தெரியும். செட்டியாருக்குச் சந்தை தெரியும். கேரளத்திலிருந்து கிழங்கை வரவழைத்து 1943 இல் சேலத்தில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். முதலில் எல்லாம் கைவேலை. மாவைத் துணியில் போட்டு ஆட்டி உருட்டியதுதான்.

அடுத்த வருஷமே சோதனை. 1944 இல் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, கிழங்கு ஏழை வீட்டுச் சாப்பாடு என்பதால் ஜவ்வரிசி சேலத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கலெக்டர் தடை போட்டார். வியாபாரிகள் மேலிடத்தில் முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். போர் முடிந்து மலாயாச் சரக்கு மறுபடி வந்தபோதும் தொழில் படுத்துவிடவில்லை. இன்று இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் இருந்தே போகிறது. 1981 இல் ஆலைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தொடங்கிய சேகோசர்வ்தான் இன்றும் பெரிய சந்தை.

ஆலை பெருகியதும் கிழங்குக்கு நிலம் தேவைப்பட்டது. சமவெளி போதாமல் மலை ஏறியது. சாமையை இடித்துப் புடைத்து அரிசியாக்குவதற்குள் பெண்களின் தோள் இற்றுவிடும்; காசும் இல்லை. கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டினால் வியாபாரி களத்துக்கே வருகிறான். யார்தான் மாற மாட்டார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் 1990 களிலிருந்து சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்கிறது; விதை வங்கிகள், இடிப்பதற்குப் பதில் அரைக்கும் இயந்திரங்கள் என்று பலதும் முயன்றிருக்கிறார்கள். அவர்கள் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் முதல் பயிர் இந்தக் குச்சிக்கிழங்குதான்.

ஆக, சிங்கப்பூர் விழுந்ததற்கும் கொல்லிமலைச் சாமை குறைந்ததற்கும் ஒரு நூல் ஓடுகிறது. அக்கா மகன் விசைப்பலகையில் சிங்கப்பூரைப் பிடித்தபோது ரப்பர் எண்ணும் டங்ஸ்டன் எண்ணும் ஏறின. ஜவ்வரிசி எந்தக் கட்டத்திலும் இல்லை. வளப் பட்டியலில் சோறே இல்லை.

இது சின்னக் குறையல்ல. ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்ததும் பர்மா அரிசி நின்று, சென்னை ராஜதானி தடுமாறியது. வங்கத்தில் மறு வருஷம் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். ஆட்டத்தில் இவர்கள் எல்லாரும் 'ஆள்பலம்' என்ற ஒற்றை எண். ரயில் பாதை போட வேண்டுமானால் வரைபடத்தில் கோடு இழுத்தால் போதும், தொழிற்சாலைகள் கட்டிவிடும். நிஜத்தில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் பர்மா ரயில் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்தக் காட்டில் மடிந்திருந்தார்கள்.

நாஜிகளின் யூதப் படுகொலையை இந்த வரிசை தொடுவதே இல்லை. வதை முகாமை நிர்வகிக்கும் பொத்தானை யாருக்கும் தர மாட்டோம் என்பது அவர்கள் நிலை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றத்தைக் கழித்துவிட்டுப் போரை மட்டும் வைத்தால் ஜெர்மனி வெறும் கெட்டிக்கார நாடாகத் தெரியும். இந்த ஆபத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை. சீனா வேறு காரணத்துக்காகக் கோபப்பட்டது. மஞ்சூரியாவையும் திபெத்தையும் தனி நாடாகக் காட்டினார்கள் என்று 2004 இல் முதல் ஆட்டத்தைத் தடை செய்தது. வரைபடத்தில் 1936 அப்படித்தான் இருந்தது என்றாலும் வரைபடம் எப்போதும் இன்றைய அரசுகளுக்குப் பயம்.

இந்தியாவை எடுத்து ஆடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆடலாம். 2016 டிசம்பரில் வந்த கூடுதல் பகுதியில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று தனிப் பாதை வந்தது. 2025 மார்ச்சில் அதை மாற்றி எழுதினார்கள். லண்டனுக்கு அடங்கிய நாடாகத் தொடங்கி, தன்னாட்சிப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து விடுதலைக்குப் போகலாம். எஜமானனுக்கு ஆயுதம் அனுப்பினால் புள்ளி, அவன் போரில் சண்டையிட்டால் புள்ளி. காந்தியும் காங்கிரஸும் 1942 ஆகஸ்டில் வேறு கணக்குப் போட்டார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

என் தீர்ப்பு இது. ஒரு போர் ஏன் இந்த இடத்தில் நடந்தது, படை ஏன் அந்த ஆற்றங்கரையில் நின்றுபோனது என்பதை இதைப்போல் புரியவைக்கும் புத்தகங்கள் குறைவு. ரயில் எட்டாத இடத்தில் பெரும்படையும் பட்டினி கிடக்கும் என்பது பையன்களுக்கு இந்த ஆட்டத்தால் தெரிகிறது. போர் என்றால் என்ன என்பதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

அதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கலாம். தொண்ணூறைத் தொடும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கரி பஸ், ரேஷன் வரிசை, 1942 ஏப்ரலில் சென்னையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்த உறவினர்கள், பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் கேட்க இன்னும் அதிக வருஷம் இல்லை.

அடுத்த வாரம் லிவர்பூல். 1942 இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளை முறியடிக்கும் உத்தியை, தரையில் சாக்பீஸால் கடல் வரைந்து ஆடிக் கண்டுபிடித்த இளம் பெண்களின் கதை.